நூறாவது தடவை கேட்பவன்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, வெற்றிலை போடுகிறவர்கள் வெற்றிலை போட்டும், வைத்தியர் தடுத்தவர்கள் பாக்குத் தூளை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டும் சாய்ந்திருந்த வேளையில், அம்பத்தூர் வெங்கடாபுரத்தில் ஒரு சிநேகிதர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து தொலைக்காட்சியில் ஒரு ஹாஸ்யப் படம் பார்த்தோம். ஐவரில் இளையவருக்கு வயது 61. வீட்டுக்காரரும் நானும் ஒரே ஆலையில் முப்பது வருஷம் காலம் தள்ளியவர்கள். அவர் லேத்தில் நின்றார், நான் டைம் ஆபீஸில் உட்கார்ந்தேன். மற்ற மூவரில் ஒருவர் ஆவடி டாங்க் பாக்டரியிலும், ஒருவர் ரயில்வேயிலும், ஒருவர் பூந்தமல்லியில் சொந்தமாக வைத்திருந்த சைக்கிள் கடையிலும் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவழித்தவர்கள். படத்தை எல்லோருமே முன்பு பார்த்திருந்தோம். அடுத்து வரப்போகும் பேச்சைத் திரையிலிருப்பவன் வாய் திறப்பதற்கு முன்பே ரயில்வேக்காரர் சொல்லிவிடுவதும், "யோவ், சும்மா இருய்யா, அவன் சொல்லட்டும்" என்று டாங்க் பாக்டரிக்காரர் அதட்டுவதும், அதட்டியவரே அடுத்த காட்சியில் அதே குற்றத்தைச் செய்வதுமாகப் பிற்பகல் முழுவதும் போயிற்று.

படம் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. 2012ஆம் ஆண்டின் நவம்பர்க் கடைசியில் வெளிவந்தது. பாலாஜி தரணீதரன் இயக்கிய முதல் படம். கதை இரண்டு வரிக்குள் அடங்கும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் சிநேகிதர்களோடு கிரிக்கெட் ஆடப்போன பிரேம் என்கிற பிள்ளை, உயரே எழும்பிய பந்தைப் பிடிப்பதற்காகப் பின்னாலேயே ஓடி, மல்லாந்து விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு எழுந்து நிற்கிறான். ரத்தமில்லை, காயமில்லை. ஆனால் கடந்த ஓராண்டுக் காலம் அவன் ஞாபகத்திலிருந்து கிழிந்து போய்விட்டது. அவன் மணக்கப் போகும் பெண்ணே அந்தக் கிழிந்த பக்கங்களுக்குள்தான் இருக்கிறாள். பக்ஸ், பஜ்ஜி, சரஸ் என்று கூப்பிடப்படுகிற மூன்று சிநேகிதர்கள், இந்த விஷயம் பெற்றவர்களுக்கோ பெண் வீட்டாருக்கோ ஒரு துளியும் கசிந்துவிடாதபடி, அவனை வரவேற்பு மேடையில் நிறுத்தி, மறுநாள் முகூர்த்தத்தில் உட்காரவைத்துத் தாலி கட்டச் செய்ய வேண்டியிருக்கிறது. விஜய் சேதுபதி பிரேமாக வந்தார்.

இதில் ஹாஸ்யத்தின் அச்சாணி ஒன்றே. சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அவன் தூக்கத்திலிருந்து எழுந்தவனைப் போல என்ன நடந்தது என்று கேட்கிறான். ஆட்டம், அடி, பந்து, ஓட்டம், வீழ்ச்சி என்ற வரிசையில் சம்பவத்தைத் தானே கட்டியெழுப்புகிறான். பின்மண்டையில் கையை வைத்துத் தானே ரோக நிர்ணயம் செய்கிறான். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று தனக்குத் தானே தேறுதலும் சொல்லிக்கொள்கிறான். நோயாளியும், வைத்தியரும், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்த உறவினரும் ஒரே ஆசாமியாக இருப்பதைத் தமிழ்த் திரை அதற்கு முன் கண்டதில்லை. (அவன் பழி சுமத்துகிற 'மெடுல்லா ஆப்லாங்கேட்டா', பள்ளிப் புத்தகங்கள் முகுளம் என்று சொல்லும் உறுப்பு, மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்துக்கொள்வது அதன் உத்தியோகமே ஒழிய, ஞாபகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாவம், நிரபராதி. ஆயினும் அந்தப் பெயர் ஜனங்களிடையே அப்படிப் பரவி, பின்னால் மலையாளத்தில் இக்கதை எடுக்கப்பட்டபோது படத்தின் தலைப்பாகவே அமர்ந்துவிட்டது.) பேச்சு எள்ளளவும் மாறாமல், அதே குரலில், அதே நிறுத்தங்களோடு, பேச்சு முடிந்ததும் அழிந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

இது கற்பனையாக இருந்தால் நாம் நம்பமாட்டோம். நடந்தது என்பதால்தான் படமெடுக்கவே துணிந்திருக்கிறார்கள். பந்து பிடிக்கப் போய் விழுந்தவரும், சொந்தக் கல்யாணத்தின் தறுவாயில் ஞாபகத்தை இழந்தவரும், இந்தப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்த சி. பிரேம்குமாரே. தாம் அன்றைக்கு எப்படி நடந்துகொண்டோம் என்பது அவருக்குச் சுயமாகத் தெரிய வழியில்லை. கூட இருந்தவர்கள் சொல்லக் கேட்டுத்தான் அவர் தம்முடைய வாழ்க்கையின் அந்த நாட்களைத் தெரிந்துகொண்டிருக்க முடியும். ஒரு மனிதனின் ஆயுளில் சில பக்கங்கள் அவனிடத்தில் இல்லாமல் சிநேகிதர்களிடத்தில் இருந்து, பிற்பாடு அவன் கையிலேயே காமிராவைக் கொடுத்து, இதோ நீ இப்படித்தான் இருந்தாய், நீயே படம் பிடித்துக்கொள் என்று அவர்கள் திருப்பிக் கொடுத்த விசித்திரம், வேறெந்த மொழிப் படத்துக்கும் வாய்த்ததாக எனக்குத் தெரியவில்லை. என் அபிப்பிராயத்தில், படத்தைக் காட்டிலும் பெரிய கதை இதுதான்.

எதைக் கண்டு சிரிக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தால், திரும்பத் திரும்பக் கேட்கிறவனைக் கண்டு முதல் இரண்டு தடவைதான் சிரிப்பு வருகிறது. மூன்றாவது தடவையிலிருந்து நம் கண்கள் அவனை விட்டுவிட்டு அந்த மூவரின் முகங்களுக்குப் போய்விடுகின்றன. முதலில் பயம், பிறகு பதைப்பு, பிறகு எரிச்சல், அதன் பிறகு, விதியே என்று ஏற்றுக்கொண்ட குமாஸ்தாவின் முகம். பதில் சொல்லிச் சொல்லி அவர்களுக்கு நாக்கு வறள்கிறது. ஒருவனுக்குக் கோபம் தலைக்கேறும்போது மற்றொருவன் முறை மாற்றிக்கொள்கிறான், ஷிப்ட் முடிந்து மெஷினை அடுத்த ஆளிடம் ஒப்படைக்கிற மாதிரி. எங்கள் கூடத்தில் அதிகமாகச் சிரிப்பு எழுந்தது அந்த இடங்களில்தான்.

வயது வந்த ஆண்களின் சிநேகத்தைப் பற்றி நம் சினிமா எத்தனையோ சொல்லியிருக்கிறது. உயிரைக் கொடுக்கிறவனையும், காதலியை விட்டுக்கொடுக்கிறவனையும், பழி ஏற்றுச் சிறை போகிறவனையும் காட்டியிருக்கிறது. இவையெல்லாம் ஆயுளில் ஒருமுறை நேரக்கூடியவை. பெரும்பாலோருக்கு அந்த ஒருமுறையும் நேருவதில்லை. முப்பது வயதுக்கு மேல் சிநேகிதன் என்பவன் நமக்குச் செய்கிற, நாம் அவனுக்குச் செய்கிற முக்கியமான ஊழியம், ஏற்கெனவே கேட்ட ஒன்றை மறுபடியும் கேட்டுக்கொள்வது. மேஸ்திரி தன்னை அவமதித்த கதை, கைநழுவிய புரொமோஷன், மைத்துனன் செய்த துரோகம், வாங்காமல் விட்ட கொரட்டூர் மனை, இவற்றை ஒருவன் ஆயுள் முழுக்க நூறு தடவை சொல்வான். வீட்டில் சொன்னால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். நூறாவது தடவையும் "அப்புறம்?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பிரேம் என்கிற பிள்ளையின் வியாதி நம் எல்லோருக்கும் உள்ளதே; அவனுக்கு நூறு தடவையும் இரண்டு நாளைக்குள் நெருக்கி வந்துவிட்டது, நமக்கு நாற்பது வருஷத்தில் பரந்து வருகிறது. இந்தப் படத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

திருவள்ளுவர் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்கள் செய்தார். அவற்றுள் மேடைகளில் அதிகம் முழங்குவது 79ஆம் அதிகாரமான 'நட்பு'; யாரும் அவ்வளவாகத் தொடாமல் விடுவது 81ஆம் அதிகாரமான 'பழைமை'. நெடுநாள் பழகியவர்கள் ஒருவரிடத்தில் ஒருவர் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றியது அது. கேளாமலே ஒரு காரியத்தைச் செய்துவிடுகிறான், மனம் நோகவும் நடந்துவிடுகிறான்; அதை அவனுடைய அறியாமை என்றோ, உன்மேல் அவன் கொண்ட உரிமை என்றோ எடுத்துக்கொள் என்று அதில் ஓர் இடம் வருகிறது. இளைஞர்களுக்கு இந்த அதிகாரம் விளங்காது. விளங்குகிற வயதில் நமக்குத் தலை நரைத்திருக்கும். இன்னொரு பக்கம், ஒருவரையொருவர் காணாமலே உயிரையும் விடத் துணிந்த கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நட்புக்கு இலக்கணமாக நமக்குப் போதித்தார்கள். மகா உத்தமமான நட்புதான். ஆனாலும், காணாமலே நேசிப்பது ஒரு வகையில் சுலபம் என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. பிசிராந்தையாரிடம் சோழன் ஒரே கதையை நூறு தடவை சொல்லியிருக்க வாய்ப்பில்லை அல்லவா?

நம் ஹாஸ்யப் படங்களில் வெகுகாலம் சிநேகிதனுக்கு வீடு கிடையாது, சம்பளம் கிடையாது, தாய் தகப்பன் உண்டா என்பதே தெரியாது. கதாநாயகனின் காதலுக்குத் தூது போவதும், அவனுக்காக அடி வாங்குவதும் அவன் ஜீவனோபாயம். விலக்காக நிற்பது ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. 1964இல் வந்த அந்தப் படத்தில், சிநேகிதனின் காதல் கைகூடுவதற்காக முத்துராமன் ஒட்டுத் தாடி மீசையோடு அவனுக்குத் தகப்பனாராகவே வேஷம் போட்டு, பாலையாவின் முன்னால் கோடீசுவரனைப் போல் உட்கார்ந்து பேசுகிறார். தோழனுக்குத் தோழன் தகப்பனாகிவிடுகிற அந்த வேடிக்கையில், சிநேகம் என்பது கூசாமல் பொய் சொல்லும் சாமர்த்தியம் என்ற ஓர் உண்மை மறைந்திருக்கிறது. கமல்ஹாசன் கதை எழுதி, கிரேசி மோகன் வசனத்தில், கே.எஸ். ரவிக்குமார் 2002இல் இயக்கிய 'பஞ்சதந்திர'த்தில் தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்று கலந்த ஐந்து கிருஹஸ்தர்கள், பிணம் என்று தாங்கள் நம்புகிற ஒன்றை ராத்திரியில் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். அதுவும் ஊழியம்தான். ராஜேஷ் இயக்கிய 'பாஸ் என்கிற பாஸ்கரன்' 2010இல் சந்தானத்துக்கு ஒரு சலூனைக் கொடுத்தது; ஹாஸ்ய நண்பனுக்குக் கடையும் வருமானமும், அந்த வருமானத்தைச் சிநேகிதன் சூறையாடும்போது வயிற்றெரிச்சலும் கிடைத்தன. 'நண்பேன்டா' என்ற சொல் அந்தப் படத்திலிருந்து தெருவுக்கு வந்து, ஐந்து ஆண்டு கழித்து வேறொரு படத்துக்குத் தலைப்பாயிற்று.

வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' மட்டும் இந்த வரிசையில் தனி. 2007இல் அதைப் பார்த்தபோது ராஜா அண்ணாமலைபுரத்துப் பையன்களின் மேல் எனக்கு ஒரு பொறாமை உண்டாயிற்று என்பதை மறைப்பானேன்? ஒரு பின்கோடைத் தலைப்பாக வைத்து ஒரு படமே எடுக்கிறார்கள். 600053 ஆகிய அம்பத்தூருக்கும், 600054 ஆகிய ஆவடிக்கும், 600056 ஆகிய பூந்தமல்லிக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. இத்தனைக்கும் பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கத்துப் பக்கம் ஈ.வி.பி. வளாகத்தில் ஊர் ஊராகவும் தெருத் தெருவாகவும் செட் போட்டுப் படம் பிடிக்கிறார்கள். எங்கள் வாசலில் நின்றுகொண்டு வேறு ஊர்களைக் கட்டுகிறார்கள்! 2016 டிசம்பரில் 'சென்னை 600028'இன் இரண்டாம் பாகம் வந்தது. பையன்களுக்குக் கல்யாணமாகி, தொந்தி விழுந்து, பெண்டாட்டிமாருக்குச் சாக்குச் சொல்லிக்கொண்டு, ஒருவன் கல்யாணத்துக்காகத் தேனிக்குப் போய் மறுபடி மட்டையைப் பிடிக்கிறார்கள். முதல் பாகத்தின் சுறுசுறுப்பு அதில் இல்லை. என்றாலும், கல்யாணமான ஆண்களுக்குச் சந்திக்க ஒரு வியாஜம் வேண்டியிருக்கிறது, கிரிக்கெட் என்றும் கல்யாணம் என்றும் துக்கம் என்றும் ஏதேனும் ஒரு பெயர் அதற்கு வேண்டியிருக்கிறது என்கிற விஷயத்தை அது சரியாகவே பிடித்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அந்த வியாஜத்தை ஆலைச் சங்கு ஊதிக் கொடுத்தது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்து, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1965இல் முதல் விஜயந்தா டாங்கை வெளியே அனுப்பி, பட்டரைவாக்கத்திலும் பாடியிலும் பட்டறைகள் நெருங்கிய பிறகு, எங்கெங்கிருந்தோ வந்த ஆண்கள் ஒரே நேரத்தில் உள்ளே போய் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள். சிநேகத்தை ஒருவரும் தேடிப் போகவில்லை. முதல் ஷிப்ட்காரனுக்கு முதல் ஷிப்ட்காரனே சிநேகிதன் ஆனான். ரயிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'செட்டு' இருந்தது. இன்ன வண்டி, என்ஜினிலிருந்து இத்தனாவது பெட்டி, இன்ன ஜன்னல். நால்வர் எதிரெதிராக உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் ஒரு சூட்கேஸைப் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு துண்டை விரித்தால் ரம்மிக்கு மேஜை தயார். மூர்மார்க்கெட்டில் ஆரம்பித்த ஆட்டம் வில்லிவாக்கம் தாண்டும்போது சூடு பிடிக்கும். கொரட்டூரில் ஒருவர் இறங்கவேண்டியிருந்தால், கையிலிருக்கும் சீட்டை நின்றுகொண்டிருக்கிற ஆசாமியிடம் கொடுத்துவிட்டு, ஜெயித்தாரா தோற்றாரா என்பதை மறுநாள் காலை தெரிந்துகொள்வார். அந்தச் செட்டில் இருபது வருஷம் சீட்டாடிய ஒருவரின் வீடு எந்தத் தெருவில் என்று மற்ற மூவருக்கும் தெரியாமலே இருந்து, அவர் காலமான அன்றுதான் விலாசம் விசாரித்துக்கொண்டு போனதை நானே கண்டிருக்கிறேன்.

இப்போது சங்கு ஊதுவது குறைந்துவிட்டது. பல ஆலைகள் நின்ற இடத்தில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ரயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. காதில் எதையோ செருகிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார்கள். அவர்களுக்குச் சிநேகிதர் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. காதுக்குள் யாரோ ஒரே கதையை நூறாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கலாம், எனக்கெப்படித் தெரியும்?

இனி, எங்கள் வீட்டுக்கார சிநேகிதரின் கதைக்கு வருகிறேன். 1987 டிசம்பர் 24 அன்று விடியுமுன் எம்.ஜி.ஆர். காலமானார். கடைகள் இழுத்து மூடப்பட்டு, பஸ்கள் நின்று, நகரமே ஸ்தம்பித்துப் போன அன்றைய ராத்திரி, ஒரு காரியமாக நகரத்துப் பக்கம் போயிருந்த நானும் அவரும் வில்லிவாக்கத்தில் அகப்பட்டுக்கொண்டோம். அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வீட்டில் புதுப் பெண் தனியாக இருக்கிறாள் என்ற கவலையில், இருட்டில் தண்டவாளத்தை ஒட்டியே நடக்க ஆரம்பித்தோம். இதை அவர் அடுத்த வாரம் கேன்டீனில் சொன்னபோது, வில்லிவாக்கத்திலிருந்து நடந்தோம் என்றே சொன்னார். ஐந்தாறு ஆண்டு சென்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னபோது, புறப்பட்ட இடம் பெரம்பூர் ஆகியிருந்தது. பிற்பாடு ஒரு கிருஹப் பிரவேசத்தில் வியாசர்பாடி. அவர் ஓய்வு பெற்ற அன்றைக்குப் பேசின்பிரிட்ஜ். 35 வருஷத்துக்கு மேலாக அந்தப் புறப்பாடு, ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கிழக்கே நகர்ந்துகொண்டே போவதை, கூட நடந்தவன் என்ற முறையில் நான் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன். ரயில்வேக்காரருக்கு ஒவ்வொரு ஸ்டேஷனும் மனப்பாடம், அவரும் பேசுவதில்லை.

நான் பேசாததற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு நாங்கள் அம்பத்தூர் வரையில் நடக்கவே இல்லை. கொரட்டூரில் ரோட்டுக்கு ஏறியதும் ஒரு பால் வண்டி வந்தது, கையைக் காட்டினோம், டிரைவர் ஏற்றிக்கொண்டு, கேட்காமலே வெங்கடாபுரம் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அந்தப் பால் வண்டி முதல் தடவை கதை சொல்லப்பட்டபோதே காணாமல் போய்விட்டது. நடுவில் ஒரு பக்கம்.

சீமைகளில் சிநேகிதர் இல்லாத குறையை ராஜாங்க காரியமாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 2018இல் தனிமைக்கென்று ஒரு மந்திரியை நியமித்தார்கள். அமெரிக்க அரசின் தலைமை வைத்தியராக இருந்த விவேக் மூர்த்தி 2023இல் வெளியிட்ட அறிக்கை, மனித உறவுகள் அற்றுப்போவதால் ஆயுளுக்கு விளையும் கேடு, தினம் 15 சிகரெட் வரை பிடிப்பதால் விளையும் கேட்டுக்கு ஒப்பானது என்று எச்சரித்தது. இதை நான் பத்திரிகையில் படித்துவிட்டுச் சொன்னபோது பூந்தமல்லி சைக்கிள் கடைக்காரர் வாயிலிருந்த பீடியை எடுத்துவிட்டு, "எனக்குத்தான் நீங்க நாலு பேர் இருக்கீங்களே, அப்ப ஒரு நாளைக்குப் பதினைஞ்சு கழிச்சுக்கலாமா?" என்று கேட்டார். ஆண்ட்ரூ டியங் இயக்கி 2024இல் டொராண்டோ விழாவில் காட்டப்பட்ட 'ஃப்ரெண்ட்ஷிப்' என்ற அமெரிக்க ஹாஸ்யப் படத்தில், புறநகரில் மனைவி மகனோடு வாழும் ஒரு நடுத்தர வயதுக்காரன், பக்கத்தில் குடிவந்தவனின் சிநேகத்துக்கு ஏங்கி, அவனுடைய கோஷ்டிக்குள் நுழைந்து, அங்கே அசட்டுத்தனம் செய்து, வெளியே தள்ளப்பட்டு, அந்தத் தள்ளலைத் தாங்க மாட்டாமல் தறிகெட்டுப் போகிறான். டிம் ராபின்சன் அந்த ஏங்குகிறவராகவும், பால் ரட் ஏங்கப்படுகிறவராகவும் நடித்திருக்கிறார்கள். சிரித்தேன், சிரித்துக்கொண்டே கொஞ்சம் நடுங்கவும் செய்தேன். நாற்பது வயதில் ஒரு சிநேகிதனைப் புதிதாகச் சம்பாதிக்க வேண்டியவனுடைய அவஸ்தை அங்கே. இங்கே, இருபது வயதில் ஒட்டிக்கொண்டதை அறுபதிலும் உதற முடியாத அவஸ்தை. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், பால் வண்டியை மறைத்துவைத்திருக்கிற நான் நீதிபதியாக லாயக்கற்றவன்.

ஞாபகத்தை இழந்த அந்த ஒளிப்பதிவாளர் பிற்காலத்தில் தாமே இயக்குநரானார். பள்ளிப் பருவத்துக் காதலை மறக்க மாட்டாத ஒருவனைப் பற்றி 2018இல் '96' எடுத்தார். 2024இல் வந்த 'மெய்யழக'னில், தங்கையின் கல்யாணத்துக்காக இருபது வருஷத்துக்கு மேல் கழித்து நீடாமங்கலத்துக்குப் போகிற அரவிந்த்சாமியை, கார்த்தி ஏற்று நடித்த உறவுக்காரப் பிள்ளை தலைமேல் வைத்துத் தாங்குகிறான்; வந்தவருக்கு அவன் யாரென்றும் தெரியவில்லை, பெயரும் ஞாபகம் வரவில்லை, கேட்க வெட்கமாகவும் இருக்கிறது. மறுபடியும் கல்யாணம், மறுபடியும் மறதி, மறுபடியும் ஒருவன் மறந்ததை இன்னொருவன் பத்திரமாக வைத்திருக்கிறான். 2012இல் நகைச்சுவையாக வந்த அதே விஷயம் பன்னிரண்டு வருஷத்தில் கனிந்து வேறொரு ரசமாகிவிட்டதைக் காணும்போது, ஒரு கலைஞன் தன் மண்டையில் பட்ட ஒரே அடியை வைத்துக்கொண்டு எத்தனை காலம் விவசாயம் செய்யலாம் என்று ஆச்சரியமாக இருக்கிறது. 'மெய்யழகன்' நீளம் என்று குறைப்பட்டார்கள். வெளியான சில நாட்களிலேயே 18 நிமிஷம் வெட்டினார்கள். நீளமாகத்தான் இருந்தது. சிநேகிதர்களின் பேச்சு அப்படித்தான் இருக்கும்.

வெங்கடாபுரத்துக் கூடத்தில் படம் முடியும் தறுவாயில் இருந்தது. முகூர்த்தக் காட்சி. மூவரும் முள்மேல் நிற்கிறார்கள், தாலி ஏறிவிட்டது, எங்களில் ஒருவர் கைதட்டினார். அப்போது சமையலறை வாசற்படியில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடைசிக் கால் மணி நேரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த வீட்டம்மாள் சொன்னார்: "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? இத்தனை ஆம்பளைங்க இருந்தீங்களே."

ஐவரும் திரையையே பார்த்தோம். சொன்னது வாஸ்தவம். மணையில் பக்கத்தில் உட்காருகிறவனுக்குத் தான் யாரென்றே தெரியாது என்பதை அறிந்துகொள்ளும் பாத்தியதை அந்த மண்டபத்திலேயே அதிகமாக உள்ளவள் அவள். அவளுக்குத்தான் எல்லோருக்கும் கடைசியில் தெரியவேண்டும் என்று மூன்று இளைஞர்கள் முடிவு கட்டுகிறார்கள். நாமும் அவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்டு, அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று பயப்படுகிறோம். பிரேமுக்கு மூன்று சிநேகிதர் இருக்கிறார்கள். அவளுக்குச் சிநேகிதி ஒருத்தியைக்கூடக் கதை தரவில்லை. 'பஞ்சதந்திர'த்தில் பெண்டாட்டிமார் சந்தேகப் பிராணிகள், 'சென்னை 600028'இன் இரண்டாம் பாகத்தில் ஆட்டத்தைக் கெடுக்கிறவர்கள். நம் ஹாஸ்யக்காரர்கள் ஆண்களின் சிநேகத்துக்கு வேலி கட்டும்போதெல்லாம் அந்த வேலிக்கு வெளியே ஒரு பெண்ணை நிறுத்தியே கட்டியிருக்கிறார்கள். இத்தனை வருஷமாக இதே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தும் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. "படம்தானேம்மா" என்று டாங்க் பாக்டரிக்காரர் முனகினார். பதிலாக மிக்சர் தட்டுதான் வந்தது.

தொலைக்காட்சியை அணைத்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, தெருவில் ஐஸ்க்ரீம் வண்டியின் மணி கேட்டது. பேச்சுக்குப் பேச்சு, மறதியிலிருந்து ஞாபகத்துக்கும், ஞாபகத்திலிருந்து அந்தக் காலத்துக்கும் போய், வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். என்ன வரப்போகிறது என்பது நால்வருக்கும் தெரிந்துவிட்டது. சைக்கிள் கடைக்காரர் மிக்சரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எம்.ஜி.ஆர். செத்த அன்னிக்கு ராத்திரி," என்று தொடங்கினார் சிநேகிதர், "நானும் இவரும் சென்ட்ரல்லேர்ந்து நடக்க ஆரம்பிச்சோம்."

சென்ட்ரல்! இனிக் கிழக்கே போவதற்குத் தண்டவாளம் இல்லை. ரயில்வேக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் காபி டம்ளரை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"அப்புறம்?" என்றேன்.

கதை பேசின்பிரிட்ஜைத் தாண்டி வியாசர்பாடிக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டம்மாள் டம்ளரை என் கையில் கொடுக்கக் குனிந்தவர், எனக்கு மட்டும் கேட்கும்படியான குரலில் சொன்னார்:

"அன்னிக்கு அந்தப் பால் வண்டி தெருமுனையில வந்து நின்னுதே அண்ணே, அந்த டிரைவருக்கு ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டோம்."